பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு நாடி தாளம் தப்பாமல் இருக்க நாம் என்ன செய்யலாம்?



"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. மூணாம் நாள் ராத்திரி திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. திரும்பவும் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஆபரேஷன்ல ஏதாவது தப்பு நடந்திருக்குமா?"

குன்னம் பகுதியில் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது உறுப்பினர் ஒருவர் இப்படிக் கேட்டார். அவருடைய வீட்டுக்காரருக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் ஆபரேஷன் நடந்திருந்தது. அவர் கேட்டதும் பக்கத்தில் இருந்த இன்னொரு சகோதரி, "எங்க மாமியாருக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார். வேறொருவர், "வீட்டுக்கு வந்து உடம்பு தேறிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டோம்" என்றார். அன்றைக்குச் சந்தா, உள்கடன் பேச்செல்லாம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இதைப் பற்றியே பேசினோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் குழுக்களில் இப்போது பைபாஸ் என்ற சொல் தெரியாதவர் இல்லை. நம் குடும்பத்திலேயோ தெருவிலேயோ ஒருவருக்காவது செய்திருப்பார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்தப் படபடப்பு பற்றி யாரும் நமக்கு விளக்கமாகச் சொல்வதில்லை. இது ஏன் வருகிறது, வராமல் தடுக்க முடியுமா, வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று இந்த இதழில் பார்ப்போம்.

பைபாஸ் என்றால் என்ன?

இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறது. அந்த இதயத்தின் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வருகின்றன. வாய்க்காலில் ஒரு இடம் தூர்ந்துபோனால் பக்கத்தில் புதிதாக ஒரு கிளை வெட்டி, அடைப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் அல்லவா? அதுதான் பைபாஸ். காலிலிருந்தோ மார்புச் சுவரின் உள்பக்கத்திலிருந்தோ ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இணைப்பார்கள். "காலில் நரம்பை எடுத்துட்டாங்க" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். அதை எடுத்ததால் கால் விளங்காமல் போகாது. கொஞ்ச நாளைக்கு வீக்கமும் வலியும் இருக்கும்.

அமெரிக்காவில் 1967-ல் இந்த ஆபரேஷனை முறைப்படுத்திச் செய்து காட்டியவர் டாக்டர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினா நாட்டுக்காரர். அதற்கு முன்பு தன் நாட்டில் ஒரு சிற்றூரில் 12 ஆண்டுகள் கிராம டாக்டராக இருந்தவர். இந்தியாவில் முதல் பைபாஸ் நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். அவர் 2025 ஜனவரியில் காலமானார். அன்றைக்கு அதிசயமாகப் பார்க்கப்பட்ட ஆபரேஷன் இன்றைக்குக் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கும் காப்பீட்டில் கிடைக்கிறது.

தாளம் தப்புவது என்றால் என்ன?

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளும். கீழறை சுருங்கி உடம்புக்கு அனுப்பும். எப்போது சுருங்க வேண்டும் என்று கட்டளை கொடுக்க வலது மேலறையில் சின்னதாக ஒரு இடம் இருக்கிறது. அங்கிருந்து லேசான மின்சாரம் கிளம்பி இதயம் முழுக்கப் பரவும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை இது ஒழுங்காக நடக்கும்.

நம் குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஊக்குநர் ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால் கூட்டம் ஒழுங்காக நடக்கும், தீர்மானமும் எழுதலாம். இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? சத்தம்தான் மிஞ்சும், ஒரு தீர்மானமும் எழுத முடியாது. மேலறையிலும் சில சமயம் அப்படி ஆகிறது. ஒரு இடத்திலிருந்து வர வேண்டிய கட்டளை பல இடத்திலிருந்து கன்னாபின்னாவென்று வருகிறது. மேலறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்கிறது. கீழறையும் வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் அடிக்கிறது. டாக்டர்கள் இதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பார்கள். சுருக்கமாக 'ஏ.எஃப்.' என்று சீட்டில் எழுதியிருப்பார்கள்.

ஆபரேஷனில் தப்பு நடந்ததால் வருகிறதா?

பெரும்பாலும் அப்படி இல்லை. பைபாஸ் செய்துகொண்ட 100 பேரில் சுமார் 25 முதல் 30 பேருக்கு இது வருகிறது. உலகத்தின் பெரிய பெரிய மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். அதிகமாக வருவது ஆபரேஷன் முடிந்த 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள். அதனால்தான் அந்த நாட்களில் நெஞ்சில் ஒயர் ஒட்டி, திரையில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

காரணங்கள் பல:

- ஆபரேஷனின்போது இதயத்தைத் தொட்டு, தையல் போட்டு வேலை செய்திருக்கிறார்கள். காயம் பட்ட இடம் வீங்குவது போல இதயத்திலும் ஒரு அழற்சி இருக்கும்.
- இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் கொஞ்சம் ரத்தமும் நீரும் தேங்கி மேலறையை உறுத்தும்.
- வலி, பயம், தூக்கமின்மை இவற்றால் உடம்பில் படபடப்பு உண்டாக்கும் சுரப்புகள் அதிகமாகும்.
- சிறுநீர் அதிகமாகப் போகும்போது பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புச் சத்துக்கள் குறையும்.

யாருக்கு அதிகமாக வரும் என்றால், முதலில் வயதானவர்களுக்கு. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். முன்பே தாளம் தப்பியவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம்.

தானாகச் சரியாகிவிடும் என்றால் ஏன் கவலைப்பட வேண்டும்?

உண்மைதான். பெரும்பாலானவர்களுக்கு மருந்தில் அடங்கி, ஆறு வாரத்துக்குள் பழைய தாளத்துக்கு வந்துவிடும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

மேலறை சரியாகச் சுருங்காவிட்டால் அங்கே ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். இடது மேலறையில் சின்னப் பை போல ஒரு மூலை உண்டு. அங்கேதான் பெரும்பாலும் கட்டி உருவாகும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். நெஞ்சைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்துவிட்டு, கை கால் இழுத்துக்கொண்டு ஒருவர் பாயில் கிடக்கும் நிலை வரலாம். அப்புறம் அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் வேலையை விட வேண்டும். இரண்டு கூலி நின்று போகும். குழுக் கடன் தவணை நிற்கும். இதெல்லாம் சகோதரிகளுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியில் ஒருமுறை தாளம் தப்பியவருக்குப் பின்னாளில் திரும்பவும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் "அன்னிக்கு வந்துச்சு, போயிடுச்சு" என்று மறந்துவிடக்கூடாது.

டாக்டர்கள் எப்படித் தடுக்கிறார்கள்?

முழுதாகத் தடுக்க இன்னும் வழி இல்லை. ஆனால் வாய்ப்பை நன்றாகக் குறைக்க முடியும்.

முதல் வழி, 'பீட்டா பிளாக்கர்' என்ற வகை மாத்திரை. மெட்டோபுரோலால் என்ற பெயரில் நம் ஊர் மருந்துக் கடையிலும் கிடைப்பது இந்த வகைதான். இதயத்தின் படபடப்பைத் தணித்து நிதானமாக அடிக்க வைக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் விடாமல் கொடுத்தால் தாளம் தப்புவது ஏறக்குறைய பாதி அளவுக்குக் குறையும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடி மிக மெதுவாக அடிப்பவர்களுக்கும் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார்.

இரண்டாவது, அமியோடரோன் என்ற மருந்து. வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள்.

மூன்றாவது, ரத்தத்தில் உப்புச் சத்தைப் பார்த்துக்கொள்வது. பொட்டாசியம் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதில் டாக்டர்களிடையே நெடுநாள் விவாதம் இருந்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பைபாஸ் செய்துகொண்ட சுமார் 1,700 பேரிடம் செய்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. பொட்டாசியத்தை எப்போதும் உயர்த்தியே வைத்தாலும், நன்றாகக் குறைந்தால் மட்டும் கொடுத்தாலும், தாளம் தப்புவதில் வித்தியாசம் இல்லை என்று அதில் தெரிந்தது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், "இளநீர் குடிச்சா நெஞ்சுக்கு நல்லது" என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்தும் அளவுக்கு ஆபத்தாகும். டாக்டரைக் கேட்காமல் அதிகமாகக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, ஆபரேஷன் செய்யும்போதே இதய உறையின் பின்பக்கம் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, தேங்கும் நீர் வடிந்து போக வழி செய்வது. அமெரிக்காவில் நியூயார்க்கில் 420 பேரிடம் இதைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்த வெட்டு போடாதவர்களில் 100-க்கு 32 பேருக்குத் தாளம் தப்பியது. போட்டவர்களில் 100-க்கு 17 பேருக்குத்தான் தப்பியது. இதைச் செய்வதா வேண்டாமா என்பது ஆபரேஷன் செய்யும் டாக்டர் முடிவு செய்வது.

இவை டாக்டர்கள் செய்வது. இனி நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். அது கொஞ்சம் இல்லை, நிறையவே இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பு

ஆபரேஷன் தேதி குறித்ததும் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்துவது வழக்கம். இதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷன் அன்று "வெறும் வயிற்றில் இருங்க" என்று சொன்னால் மாத்திரையும் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு இன்னும் அதிகமாகும்.

ஆகவே டாக்டரிடமோ நர்சிடமோ இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "எந்த மாத்திரையை எந்த நாளில் நிறுத்தணும்? ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஒரு வாய் தண்ணியோட எதைப் போட்டுக்கணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வங்கி மேலாளரிடம் கணக்குக் கேட்கும் நமக்கு இது பெரிய காரியம் இல்லை.

பீடி, சிகரெட், புகையிலை, குடி இவற்றைத் தேதி குறித்த அன்றைக்கே நிறுத்தணும். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தினமும் குடிப்பவராக இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்குத் தனியாக மருந்து உண்டு. பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, தைராய்டு அல்லது சர்க்கரைக்குப் பார்த்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது

வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். வலி அதிகமானால் படபடப்பும் அதிகமாகும். மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். "பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். சளி கட்டாமல் நுரையீரல் விரிய அது உதவும். நுரையீரல் நன்றாக இருந்தால் இதயத்துக்குச் சிரமம் குறையும். தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி குறைவாக இருக்கும்.

நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால், தலை சுற்றினால் உடனே நர்சைக் கூப்பிடுங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் பரவாயில்லை. அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஏ.எஃப். வந்துவிட்டால் வேகத்தைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள். சிலருக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சரி செய்வார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், பயப்பட வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, "ஆஸ்பத்திரியில் இருந்தப்ப தாளம் தப்புச்சா? ரத்தம் உறையாம இருக்க மருந்து உண்டா? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டு வாங்குங்கள். ஏ.எஃப். வந்தவர்களுக்கு அந்த மருந்தைச் சுமார் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு, பிறகு ஈ.சி.ஜி. பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது இப்போது உள்ள நடைமுறை. எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். ரத்தக் கசிவு ஆபத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் பலருக்கும் சறுக்குகிறது. காப்பீட்டில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தாச்சு. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயாச்சு. ஒரு மாதத்தில் மாத்திரை தீர்ந்து போகும். "இப்பத்தான் நல்லா இருக்காரே, எதுக்கு இன்னும் மாத்திரை?" என்ற பேச்சு வரும். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

1. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டி இலவசமாக வாங்கலாம். வெளியில் வாங்குவதாக இருந்தால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. அட்டையில் கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ஒன்றுதானா என்று மருந்தாளுநரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

2. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை நேரம் தவறாமல் சாப்பிடணும். சில வகை மருந்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றுவார்கள், அந்தத் தேதியை விடக்கூடாது. அந்த வகைக்குக் கீரையைத் திடீரென்று அதிகமாக்குவதும் அடியோடு நிறுத்துவதும் சரிப்படாது. வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடலாம். உடம்பு வலிக்கு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது, ஊசி போட்டுக்கொள்வது, நாட்டு மருந்து சேர்ப்பது எதையும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டு இருந்தால் உடனே காட்டுங்கள்.

3. வாந்தி, பேதி வந்தால் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள். உப்புச் சத்து குறைந்து தாளம் தப்பலாம். 'நீர் போக' மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும்.

4. நடுநெஞ்சு எலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூட 6 முதல் 8 வாரம் ஆகும். முழுதாக உறுதிப்பட மூன்று மாதம் வரை ஆகலாம். ஒரு குடம் தண்ணீர் சுமார் 15 கிலோ. அதைத் தூக்கக்கூடாது. அடிபம்பு அடிப்பதும் கூடாது. தினமும் மெதுவாக நடக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டலாம்.

நாடி பார்ப்பது எப்படி?

இதற்குப் படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம். நொடி முள் உள்ள கடிகாரமோ செல்போனோ போதும்.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுக்குக் கீழே உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை லேசாக வையுங்கள். கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது, அதில் உங்கள் நாடியே தெரியும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். தையல் மிஷின் ஓடுவது போலச் சீராக இருந்தால் சரி. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது போல, ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம், ஒன்று பலமாக, ஒன்று லேசாக என்று வந்தால் தாளம் தப்பியிருக்கலாம். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டு வருவது பலருக்கும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் முழுக்க ஒழுங்கே இல்லாமல் இருந்தால்தான் கவனிக்கணும்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். குழுவில் வரவு செலவு எழுதும் கைக்கு இது சுலபம். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி.

- நாடி ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, ஓய்வில் இருக்கும்போதும் 100-க்கு மேலேயே இருந்தாலோ அன்றைக்கே போய் ஈ.சி.ஜி. எடுக்கணும்.
- 50-க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும்.
- 120-க்கு மேல் அடித்தாலோ, படபடப்போடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ உடனே 108.
- வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகணும். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருந்தால் நேரம் போய்விடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

ஆபரேஷன் பெண்களுக்கு என்றால்

ஆண்களுக்கு ஆபரேஷன் என்றால் வீடே தாங்குகிறது. பெண்களுக்கு என்றால் நிலைமை வேறு. நெஞ்சு வலித்தாலும் "வாயுப் பிடிப்பு" என்று தள்ளிப்போட்டு, முற்றிய பிறகுதான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே அடுப்படி, தண்ணீர், மாடு. பருத்தி எடுக்கவும், வெங்காயம் அரியவும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொட்டை பொறுக்கவும் ஆள் கூப்பிட்டால், "சும்மாதானே இருக்கேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். வேலை மும்முரத்தில் மதிய மாத்திரை விட்டுப்போகிறது. மறுபரிசோதனைக்குப் போகப் பஸ் காசு இல்லை, கூட வர ஆள் இல்லை என்று தேதியும் போகிறது.

இதில் குழு நிச்சயம் உதவ முடியும். உறுப்பினருக்கு ஆபரேஷன் என்றால் மூன்று மாதத்துக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, யார் மறுபரிசோதனைக்குக் கூடப் போவது என்று முறை போட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பயணச் செலவுக்கு உள்கடனில் முன்னுரிமை கொடுங்கள். அந்த மூன்று மாதத் தவணையை எப்படித் தள்ளிக் கட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள். வட்டிக்காரரிடம் போகும் நிலை வரக்கூடாது.

யாரிடம் போகலாம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பைபாஸ் இதில் உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். இலவசத் தொலைபேசி 1800 425 3993. நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ.சி.ஜி. எடுக்க ஒவ்வொரு முறையும் ஆபரேஷன் செய்த ஊருக்குப் போகத் தேவையில்லை. பெரம்பலூர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும், 2022 முதல் இயங்கும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் எடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். சந்தேகம் கேட்க 104-க்கு அழைக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் நம் சுய உதவிக்குழுப் பெண்கள்தான். பைபாஸ் செய்தவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் சொல்லி வையுங்கள். ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவிகள் சிலவற்றில் நாடி ஒழுங்கில்லாவிட்டால் அடையாளம் காட்டும். அது தெரிந்தால் அலட்சியம் செய்யாமல் ஈ.சி.ஜி.க்கு அனுப்பலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை

படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் நாடியை ஒரு நிமிடம் பார்த்துப் பழகுங்கள். ஊரில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் மாத்திரையை நிறுத்தியவர்கள் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். நிறுத்தியவர் ஒருவர் இருந்தாலும், குழுவிலிருந்து இரண்டு பேர் அவரைக் கூட்டிக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் போய் வாருங்கள். போய் வந்த விவரத்தை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். நாங்களும் கேட்கக் காத்திருக்கிறோம்.